பழைய நண்பர்களுக்கு எது சரிப்படும்: வாட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப்

சிங்கப்பூரின் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. அங்கே கடைசியாகப் படித்தவர்களுக்கே இப்போது ஏறக்குறைய அறுபது வயது. பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து, மகளுக்கு வளைகாப்பு, தங்களுக்கு அறுபதாம் கல்யாணம் என்று வரிசையாக வரும் பருவம். ஒருவர் சிங்கப்பூர் ஈசூனில், ஒருவர் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில், ஒருவர் தஞ்சாவூரில். இப்படிப்பட்ட நட்புக்கு முதல் தேர்வு வாட்ஸ்அப்தான். செய்தியைக் கொண்டுசேர்ப்பதில் அதற்கு இணையில்லை; சேர்த்து வைப்பதில்தான் சறுக்குகிறது.

முதல் சிக்கல் காலை வணக்கப் படங்கள். அவற்றுக்கு அடியில் இறப்புச் செய்தி புதைந்துபோகும். சிங்கப்பூரில் மறுநாளே உடலை மண்டாய் தகனச்சாலைக்கு எடுத்துச் சென்றுவிடலாம் என்பதால், மாலையில் பார்ப்பவருக்குக் கடைசி முகம் கிடைக்காது. எனவே குழுவை இரண்டாக வையுங்கள். ஒன்று அரட்டைக்கு. மற்றதில் நிர்வாகிகள் மட்டுமே எழுதும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். அங்கே நல்லது கெட்டது மட்டும். இறப்புச் செய்தியில் பெயரோடு பள்ளிக்காலப் பட்டப்பெயர், வீட்டின் புளோக் (அடுக்குமாடிக் கட்டட) எண், உடல் புறப்படும் நேரம், மண்டாயில் எந்த மண்டபம் என்பதையும் எழுதினால் யாரும் திரும்பக் கேட்க வேண்டியிருக்காது.

படங்களைச் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அவற்றைச் சுருக்கிவிடும். எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் அசல் தரம் வராது. அச்சுப்போட்டுச் சட்டம் மாட்ட வேண்டிய படம் என்றால் இணைப்புக் குறியை அழுத்தி, 'ஆவணம்' வழியாக அனுப்புங்கள். 2 ஜிபி வரை சுருங்காமல் போகும். ஸ்டேட்டசில் மட்டும் போடாதீர்கள், 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்.

திருமண நேரலைக்கு யூடியூப் நல்லது. 12 மணி நேரத்துக்குள் முடியும் நேரலை தானாகவே சேமிக்கப்படும். ஆனால் கைப்பேசியிலிருந்து ஒளிபரப்பக் குறைந்தது 50 சந்தாதாரர் வேண்டும், நேரலை வசதியை முதன்முறை இயக்கும்போது 24 மணி நேரம் வரை காத்திருக்கவும் நேரும். முகூர்த்தத்தன்று காலையில் தொடங்கினால் நடக்காது. இரண்டு நாள் முன்பே தயார் செய்யுங்கள். மண்டபத்தில் சினிமாப் பாட்டு ஓடினால் பதிப்புரிமைச் சிக்கலில் ஒளிபரப்பு தடைபடக்கூடும். பேஸ்புக் நேரலை என்றால் 30 நாளில் அழிந்துவிடும், முன்னதாகவே பதிவிறக்கிக்கொள்ள வேண்டும்.

அழைப்பில் எந்த ஊர் நேரம் என்று எழுதுவதை மிகப் பலர் விட்டுவிடுகிறார்கள். தஞ்சாவூரில் காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம் என்றால் இங்கே சிங்கப்பூரில் 8.30 முதல் 10 வரை. பெர்த்துக்கும் அதே நேரம்தான். லண்டனில் இருப்பவருக்கு அது நள்ளிரவு தாண்டிய வேளை, அவருக்குப் பதிவின் இணைப்பே போதும்.

தொடர்பு விட்டுப்போனவரைத் தேட மட்டும் பேஸ்புக். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறிய தோழிகளைப் பெயரால் தேடிப் பயனில்லை. பழைய வகுப்புப் படத்தைப் போட்டு, தெரிந்தவர்களைக் குறிக்கச் சொல்லுங்கள். அந்த வழியில்தான் ஆள் கிடைக்கும்.

ஊருக்கே திரும்பிப் போகிறவர்கள் சிங்கப்பூர் எண்ணைத் துண்டிக்கும் முன், வாட்ஸ்அப் அமைப்புகளில் 'கணக்கு', பிறகு 'எண்ணை மாற்று' என்று போய்ப் புது எண்ணுக்கு மாறிவிட வேண்டும். விட்டுப்போன எண் பின்னாளில் வேறொருவர் கைக்குப் போகும்.

நண்பர் பெயரில் வந்து யாராவது, உங்களுக்கு வரும் வாட்ஸ்அப்பின் 6 இலக்கச் சரிபார்ப்புக் குறியீட்டைக் கேட்டால் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் கணக்கு அவர் கைக்குப் போய்விடும். கூடுதலாக ஒரு ரகசிய எண்ணும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றே இயக்குங்கள். சந்தேகம் வந்தால், சிங்கப்பூரில் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம்.