கொச்சி க்ரூஸ்: கீழ் டெக், நடு கேபின் எடுத்தவங்க சொல்றோம்

லட்சத்தீவு பக்கம் க்ரூஸ்ல போகணும்னு ஆசைப்படறவங்க, அதுவும் வீட்ல யாருக்காவது பஸ் ஏறினாலே குமட்டும்னா, சாப்பாடு எப்படி ஷோ எப்படின்னு விசாரிக்கறதுக்கு முன்னாடி கேபின் எங்க இருக்குன்னு பாருங்க. நாங்க எடுத்தது கீழ் டெக்ல, கப்பலோட நடுப்பக்கத்துல இன்சைட் கேபின். ஜன்னல் கிடையாது, விலையும் கம்மி. ஆட்டம் ஆகாதவங்களுக்கு அந்தக் கப்பல்லயே நல்ல ரூம் அதுதான்னு அடிச்சு சொல்லுவேன்.

எங்களுக்கு ஊர் குமுளி. கம்பம் மலைப்பாதையில வளைவு ஆரம்பிச்சாலே எங்க அத்தை எலுமிச்சம்பழத்தை மூக்குல வச்சிருவாங்க, அவங்களையும் கூட்டிட்டுதான் போனோம். ஏஜென்ட் போன்ல "சேச்சி, முன்பக்கம் மேல் டெக்ல பால்கனி ரூம் இருக்கு, வ்யூ சூப்பர்"னு விடாம சொன்னாரு. நான் டெக் பிளானை வாட்ஸப்ல அனுப்பச் சொல்லி, லிஃப்ட் பக்கமா நடுவுல இருக்கற ரூமா பாத்து நம்பர் சொல்லி புக் பண்ணேன். விஷயம் என்னன்னா, அலை எதிர்ல வந்தா கப்பலோட முன்பக்கமும் பின்பக்கமும் மாறி மாறி ஏறி இறங்கும், நடுவுல அது கம்மி. அலை பக்கவாட்டுல வந்தா இடமும் வலமும் சாயும், மேல போகப் போக அந்த ஆட்டம் ஜாஸ்தி. பஸ்ல கடைசி சீட்டு தூக்கிப் போடுமே, அதே கணக்குதான். ஸ்டெபிலைசர் (கப்பல் பக்கவாட்டுல துடுப்பு மாதிரி நீட்டிட்டு இருக்கறது) இருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவாங்க, அது பக்கவாட்டு சாய்வைத்தான் குறைக்கும், முன்னும் பின்னும் ஏறி இறங்கறதுக்கு பெருசா உதவாது.

கொழுந்தனார் வீட்ல அந்த முன்பக்க பால்கனியே எடுத்தாங்க. கொச்சி அழிமுகம், அதாவது காயல் கடல்ல சேர்ற வாய், தாண்டற வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் தெரியல. வெளிக்கடலுக்குப் போனதும் அவங்க ரூம்ல அலமாரிக்குள்ள ஹேங்கர் எல்லாம் டொக்கு டொக்குனு கதவுல அடிக்குது, டேபிள்ல வச்ச தண்ணி பாட்டில் உருண்டு கட்டிலுக்கு அடியில போயிருச்சு. எங்க ரூம்ல டம்ளர் தண்ணி லேசா அலம்புச்சு, அவ்ளோதான், அத்தை நல்லா தூங்கிட்டாங்க. நடுராத்திரி கொழுந்தனார் பொண்ணு தலகாணியோட எங்க ரூமுக்கே வந்துட்டா பாவம்.

குறையும் இருக்கு. இன்ஜின் உறுமல் ராத்திரி பூரா கேக்கும். ஜன்னல் இல்லாததால சிலருக்கு இன்னும் குமட்டலாம், ஏன்னா காதுக்குள்ள ஆட்டம் தெரியுது, கண்ணுக்கு ரூம் அசையாம நிக்குது, ரெண்டும் ஒத்துப்போகாது. அப்படிப்பட்டவங்க அதே கீழ் டெக் நடுப்பக்கத்துலயே ஜன்னல் ரூம் எடுங்க. ஒருமாதிரி இருந்தா படுத்தே கிடக்காம திறந்த டெக்குக்குப் போய் தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டைப் பாத்துட்டு நில்லுங்க, அத்தைக்கு அதுவும் இஞ்சி மரப்பாவும் நல்லா கேட்டுச்சு. அவோமின் மாத்திரை போடறதுன்னா குமட்டல் வர்றதுக்கு முன்னாடியே போடணும், தூக்கம் வரும், பிரஷர் சுகர் இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அரபிக்கடல் கொந்தளிப்பா இருக்கும், அப்போ எந்த ரூமும் பெருசா காப்பாத்தாது. அப்புறம் கேரண்டி கேபின்னு கொஞ்சம் விலை குறைச்சு கேப்பாங்க, அதுல ரூமை கம்பெனிதான் முடிவு பண்ணும், கப்பலோட மூக்குலயே கிடைச்சாலும் நாம ஒண்ணும் கேக்க முடியாது. எங்க ஏஜென்ட் முதல்ல அதைத்தான் போட்டு வச்சிருந்தாரு, மாத்த வைக்கறதுக்குள்ள போன் மேல போன், அதுக்குதான் ஒரு ஸ்டார் கட். ரூமுக்கு 5க்கு 5, புக்கிங்குக்கு 4.