கல்யாணராமனா, ஜப்பானில் கல்யாணராமனா? சாந்தி வீட்டில் இரண்டையும் போட்டுப் பார்த்தோம்

காரைக்குடிப் பக்கத்துக் கானாடுகாத்தானில் எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, சாந்தி நடந்தது. அறுபதாம் கல்யாணத்தை எங்கள் பக்கம் சாந்தி என்போம். விசேஷத்துக்கு முதல் நாளே சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று இருக்கிற உறவுகளில் பெரும்பாலானவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீடு அன்றைக்குத்தான் நிறைந்திருந்தது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், திரை கட்டி ஒரு படம் போடலாம் என்று பேச்சு எழுந்தது. எந்தப் படம் என்று முடிவு செய்கிற வேலை என்னிடம் வந்தது.

அப்பச்சி கமல் ரசிகர். அதிலும் சிரிக்க வைக்கிற கமல்தான் அவருக்குப் பிடிக்கும். அவருடைய பதினான்காவது வயதில், 1979இல் வந்தது ‘கல்யாணராமன்’. இருபது வயதில், 1985இல் வந்தது அதன் தொடர்ச்சியான ‘ஜப்பானில் கல்யாணராமன்’. இரண்டையும் கொட்டகையில் பார்த்தவர். ஆனால் எங்களுக்கு ஒரு படத்துக்குத்தான் நேரம். விடியக்காலை மூன்று மணிக்குச் சமையல்காரர்கள் அடுப்பு மூட்டிவிடுவார்கள். பத்தரைக்கெல்லாம் வீடு தூங்கியாக வேண்டும்.

ஊர்ப்பற்றைப் பார்த்தால் இரண்டாவதைத்தான் போட்டிருக்க வேண்டும். இரண்டு படத்துக்கும் கதை எழுதிய பஞ்சு அருணாசலம் எங்கள் பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர், கண்ணதாசன் குடும்பத்துப் பிள்ளை. முதல் படத்தை இயக்கியவர் ஜி.என்.ரங்கராஜன். இரண்டாவதை இயக்கியவர் காரைக்குடியில் பிறந்த எஸ்.பி.முத்துராமன். ஆக எழுத்தும் இயக்கமும் நம்ம ஊர் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய படம் இரண்டாவதுதான். போதாததற்கு, காரைக்குடிப் பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். ஸ்டூடியோ இருந்ததையும், 1947இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுக்கப்பட்டதையும் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிற பெரியவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். அப்படியும் நான் முதல் படத்தைத்தான் எடுத்து வைத்தேன். அந்த ராத்திரியும் மறுநாள் மதியமும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், அது சரியான முடிவு.

மேலோட்டமான விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இரண்டிலும் கமலுக்கு இரட்டை வேடம், இரண்டுக்கும் இளையராஜா இசை. முதல் படத்தில் ஸ்ரீதேவி, இரண்டாவதில் ராதா. பாட்டில் முதல் படத்துக்கே என் ஓட்டு. மலேசியா வாசுதேவன் பாடிய ‘காதல் வந்திருச்சு’ ஆரம்பித்ததும் பட்டாலை மேடையில் உட்கார்ந்திருந்த அம்மான்மார், அதாவது தாய்மாமன்மார், நாலு பேரும் கூடச் சேர்ந்து பாடிவிட்டார்கள். இரண்டாவதில் சத்யராஜும் கவுண்டமணியும் இருக்கிறார்கள், அது பெரிய பலம். கவுண்டமணி பேசுகிற இடங்களில் முதல் படம் பார்க்காத பெரியவர்களும் சிரித்தார்கள்.

ஜப்பானையும் சொல்ல வேண்டும். 1985இல் சுகுபாவில் நடந்த உலகக் கண்காட்சியில் போய்ப் படம் பிடித்திருக்கிறார்கள். இன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. அன்றைக்குக் காரைக்குடிக் கொட்டகையில் உட்கார்ந்து அதைக் கலரில் பார்த்தவர்களுக்கு வாயடைத்துப் போனதாம், அப்பச்சி சொன்னார். எங்கள் பக்கம் பர்மா, மலேயா, சைகோன் என்று கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போன குடும்பங்கள் அதிகம். வெளிநாட்டுச் சாமான் எதைப் பார்த்தாலும் தொட்டுப் பார்க்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. எங்கள் முகப்புச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பதித்திருக்கிற பூக்கல், அந்தப் பூப்போட்ட ஓடு, ஜப்பானிலிருந்து வந்தது. அதைத் தினமும் பார்த்து வளர்ந்த பையனுக்கு அந்த ஊரையே திரையில் காட்டினால் பிடிக்காமல் போகுமா? ஆனால் ஊரைப் பார்க்கிற ஆச்சரியம் முதல் தடவையோடு சரி. நாற்பது வருஷம் கழித்துப் போட்டால் அங்கே சிரிப்பு நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நகைச்சுவைப் படத்தின் இரண்டாம் பாகம் தேறுமா தேறாதா என்பதற்கு நான் பார்க்கிறது ஒன்றே ஒன்றுதான். முதல் பாகம் பார்க்காத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால், அவருக்கு நாம் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதா?

‘கல்யாணராமன்’ ஓடிய அன்றைக்கு வளவில் நாற்பது பேர் இருந்தோம். அதில் படத்தை முன்பே பார்த்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். எத்துப்பல்லும் வெள்ளை மனசுமாகக் கமல், கல்யாணம் என்ற பாத்திரமாக வருகிறார். வந்த ஐந்தாவது நிமிஷத்தில் பிள்ளைகள் அவரைப் போலப் பல்லை நீட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்புறம் சொத்துக்காக அவரைக் கொன்றுவிடுகிறார்கள். வளவில் சத்தமே இல்லை. தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பத்தா, எண்பத்து நாலு வயசு, “பாவிப் பயலுக, அந்தப் பச்சப்புள்ளையப் போயி…” என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அதற்குப் பிறகு கல்யாணத்தின் ஆவி தம்பி ராமன் உடம்புக்குள் புகுந்து பழிவாங்கும்போது வருகிற சிரிப்பு வெறும் சிரிப்பு இல்லை. நாற்பது பேருக்கும் அந்தக் கொலைகாரர்கள் மேல் ஒரு கோபம் இருக்கிறது. ஒவ்வொருவனும் மாட்டிக்கொண்டு முழிக்கும்போது அந்தக் கோபம்தான் சிரிப்பாக வெளியே வருகிறது. அப்பத்தா கை தட்டினார்கள். அப்பத்தா கை தட்டி நான் பார்த்ததே இல்லை.

எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், அந்தப் படத்துக்குள் ஒரு பேரேடு இருக்கிறது. கல்யாணத்துக்கு வர வேண்டிய பாக்கி ஒன்று நிற்கிறது, படம் முடியும்போது அது வசூலாகிவிடுகிறது. அதனால் ஆவிக்கு ஒரு வேலை இருந்தது.

மறுநாள் சாந்தி நல்லபடியாக முடிந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் நச்சரித்ததில் இரண்டாவது படத்தையும் போட்டோம். வளவில் வெயில் இறங்கும், திரை தெரியாது. அதனால் மாடி ஹாலில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஓட்டினோம். விருந்துச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் பெரியவர்கள் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். முதல் படத்துக்குக் கிடைத்த ராத்திரிக் காற்றும் கூட்டமும் இதற்குக் கிடைக்கவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் பிள்ளைகள் தூங்கவில்லையே. அவர்களை வைத்துத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம். என் ஆச்சி மகனுக்கு ஒன்பது வயது, முந்தின நாள் படத்தை முழுசாகப் பார்த்தவன். அன்றைக்குக் காலையில்தான் திருச்சி விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கிய இரண்டு பிள்ளைகள் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் அரைமணி நேரம் அவன் படமே பார்க்கவில்லை. “இவருதான் கல்யாணம். ரொம்ப நல்லவரு. இவரை நேத்துக் கொன்னுட்டாங்க. பல்லைப் பாரு, பல்லு இருந்தா கல்யாணம், இல்லாட்டி ராமன்” என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், தலையாட்டினார்கள். சிரிப்பு மட்டும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சின்னவள் என்னிடம் வந்து, “அம்மான், அந்த ஆவிக்கு இப்ப என்ன வேணும்?” என்று கேட்டாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் கேட்டது படத்தின் அடிமடியிலேயே கை வைக்கிற கேள்வி. முதல் படத்திலேயே பாக்கி தீர்ந்துவிட்டது. தீர்த்து மூடிய கணக்கை மறுபடி திறந்தால் எழுதுவதற்குப் புதிதாக முதலீடு வேண்டும். ஜப்பானைப் போட்டார்கள், சத்யராஜைப் போட்டார்கள், கவுண்டமணியைப் போட்டார்கள். கல்யாணத்துக்கு என்று ஒரு ஏக்கத்தை மட்டும் போடவில்லை. அவர் தம்பிக்குத் துணையாக வருகிறார், அவ்வளவுதான். துணைக்கு வருகிறவரைப் பார்த்தால் பழகிய முகம் என்ற சந்தோஷம் இருக்கும். பழகாதவர்களுக்கு அதுவும் இல்லை. கடைசியில் அந்த இரண்டு பிள்ளைகளும் கீழே விளையாடப் போய்விட்டார்கள். ஆச்சி மகன் மட்டும் முடிவு வரை இருந்தான், அவனுக்குக் கல்யாணத்தைப் பிடித்துப்போயிருந்தது.

இதை வைத்து இரண்டாம் பாகமே தேறாது என்று நான் சொல்லவில்லை. ‘முனி’யையும் ‘காஞ்சனா’வையும் பாருங்கள். இரண்டும் ராகவா லாரன்ஸ் இயக்கியவை. 2007இல் வந்த முதல் படத்தில் ராஜ்கிரண் ஆவி. 2011இல் வந்த இரண்டாவதில் அந்த ஆவியும் இல்லை, அந்தக் கதையும் இல்லை. பேய் என்றால் நடுங்குகிற ஒரு ஆள், அவனுக்கு அம்மாவாகக் கோவை சரளா, இதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஆவி புதுசு, அதற்கு நடந்த அநியாயமும் புதுசு. சரத்குமார் நடித்த காஞ்சனா என்ற திருநங்கைக்கு ஒரு கனவு இருக்கிறது, அதை ஒருவன் பறித்துக்கொள்கிறான். அதாவது புதுப் பேரேடு, புதுப் பாக்கி. முதல் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை தெரியாதவர்களும் சிரித்தார்கள், அழுதார்கள். இன்றைக்கு ‘முனி’யை நினைக்கிறவர்களைவிட ‘காஞ்சனா’வை நினைக்கிறவர்கள்தான் அதிகம். பின்னால் லாரன்ஸே அதை இந்தியிலும் எடுத்தார். ஒரு படம் முதல் பாகத்தைத் தாண்டிப் போக முடியும் என்பதற்குத் தமிழில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு நேர் எதிராக நிற்பது ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’. 2006இல் வந்த ‘தலைநகரம்’ படத்தில் வடிவேலு செய்த நாய் சேகரை இன்னும் நாம் தினமும் பேச்சில் பயன்படுத்துகிறோம். அதே இயக்குநர் சுராஜ், அதே வடிவேலு, 2022இல் அந்தப் பெயரை வைத்து முழுப்படம் எடுத்தார்கள். எனக்கு வடிவேலு மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும் அந்தப் படத்தில் உட்கார முடியவில்லை. ஊறுகாய் எவ்வளவு ருசி என்றாலும் அதையே சோறாகப் போட முடியாது. நாய் சேகர் வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனதால்தான் நாயகனின் கதைக்கு நடுவே அது மணத்தது.

‘தமிழ்ப்படம்’ வேறு ரகம். அது மற்ற படங்களைக் கிண்டல் செய்கிற படம். 2010க்கும் 2018க்கும் நடுவில் கிண்டல் செய்யப் புதுப்படங்கள் வந்துகொண்டே இருந்ததால் இரண்டாம் பாகத்துக்குச் சரக்குப் பஞ்சம் வரவில்லை. ‘கலகலப்பு 2’ பற்றி நான் அழுத்திச் சொல்ல மாட்டேன். சென்னையிலிருந்து காரைக்குடி வருகிற பேருந்தில் ஒரே ஒரு தடவை பார்த்தேன், நடுவில் தூங்கியும்விட்டேன். முதல் ‘கலகலப்பு’ கும்பகோணத்தில் நொடித்துப்போன ஒரு சாப்பாட்டுக் கடையைச் சுற்றி நடக்கும். அந்தக் கடையை எப்படியாவது தூக்கி நிறுத்த வேண்டும் என்ற கவலை நமக்கும் ஒட்டிக்கொள்ளும். காசிக்குப் போன இரண்டாவதில் எனக்கு அப்படி ஒரு கவலை ஒட்டவில்லை. முழுசாகப் பார்த்தவர்களுக்கு வேறு மாதிரித் தோன்றியிருக்கலாம்.

ஆக, வீட்டு விசேஷத்துக்கு ஒரே ஒரு படம் போட வேண்டும், கூட்டத்தில் எட்டு வயசும் இருக்கிறது, எண்பது வயசும் இருக்கிறது என்றால் ‘கல்யாணராமன்’ போடுங்கள். ராத்திரி போடுங்கள். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற சத்தம் அடங்கிய பிறகு ஆரம்பியுங்கள், கல்யாணம் பேசுகிற இடங்களில் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். ‘ஜப்பானில் கல்யாணராமன்’ போட ஆசையாக இருந்தால், முதல் படத்தைப் பார்த்துக் கல்யாணத்தின் மேல் பாசம் வைத்தவர்கள் மட்டும் கூடுகிற நாளில் போடுங்கள். அன்றைக்கு அது வேறு மாதிரி இருக்கும். போன வாரம் அப்பச்சியும் நானும் மட்டும் உட்கார்ந்து அதை மறுபடி பார்த்தோம். ஜப்பான் காட்சிகள் வந்தபோது அவர் இருபது வயதில் அதை யாரோடு பார்த்தார், திரும்பி வரும் வழியில் என்ன சாப்பிட்டார்கள் என்று வரிசையாகச் சொன்னார். படத்தைவிட அதைத்தான் நான் அதிகம் கேட்டேன்.

மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு ஆச்சி பிள்ளைகளோடு வருகிறார்கள். ‘காஞ்சனா’ போடுவதாகச் சொல்லியிருக்கிறேன். “நோம்பும் அதுவுமா வீட்டுக்குள்ள பேய்ப்படமா?” என்று அப்பத்தா கேட்டார்கள். இழை எடுக்கிற நோன்புச் சடங்கு முடிந்த மறுநாள் போடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.