ஏஏபி தடுப்பூசி அட்டவணை: நம்பலாமா, எங்கே இடிக்கும்?

மருத்துவர் சங்கம் என்றால் ஆண்டுக்கொரு மாநாடு, ஒரு பத்திரிகை, சந்தா ரசீது. பெரும்பாலான சங்கங்களின் சேவை அத்தோடு முடிந்துவிடும். அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ், சுருக்கமாக ஏஏபி, 1930-இல் தொடங்கியது. இல்லினாய் மாநிலத்தின் இட்டாஸ்காவில் தலைமையகம், சுமார் 67,000 உறுப்பினர்கள். இந்தச் சங்கம் 2025 ஆகஸ்ட் 19 அன்று அரசின் அட்டவணையிலிருந்து பிரிந்து தன் தடுப்பூசி அட்டவணையைத் தனியாக வெளியிட்டது. அடுத்த பதிப்பு 2026 ஜனவரியில் வந்தது. அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது இரண்டு தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு எதை நம்புவது என்று கேட்கின்றன. ஏஏபி தாளை ஒரு சேவையாக எடைபோட்டால் மருத்துவத் தரத்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம். கையில் கிடைக்கும் வசதிக்கு மூன்றரைதான்.

முதலில் இரண்டு தாள் ஏன் வந்தது என்று பார்த்துவிடலாம். 1995 முதல் ஏஏபி, அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, குடும்ப மருத்துவர் சங்கம் மூன்றும் ஒரே அட்டவணையைத்தான் வெளியிட்டு வந்தன. 2025 மே இறுதியில் சுகாதாரத் துறைச் செயலர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர், ஆரோக்கியமான குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கோவிட் தடுப்பூசிப் பரிந்துரையை நீக்குவதாக அறிவித்தார். ஜூன் 9 அன்று, சிடிசிக்கு ஆலோசனை சொல்லும் ஏசிஐபி குழுவின் 17 உறுப்பினர்களையும் ஒட்டுமொத்தமாக நீக்கினார். புதிய குழுவின் கூட்டத்துக்கு ஏஏபி போகவில்லை. ஜூலையில் வேறு சில மருத்துவச் சங்கங்களோடு சேர்ந்து வழக்குப் போட்டது. 2026 ஜனவரி 5 அன்று, எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கும் நோய்த் தடுப்பை சிடிசி 17-இலிருந்து 11 ஆகக் குறைத்தது. ஏஏபியின் தாளில் 18 நோய்கள் இருக்கின்றன. ஃப்ளூ, வயிற்றுப்போக்கு தரும் ரோட்டாவைரஸ், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சல் தரும் மெனிஞ்சோகாக்கஸ் இவற்றில்தான் இரண்டும் பெரிதாக மோதுகின்றன. இங்கே சொல்வதெல்லாம் அந்த ஜனவரி நிலவரம். நீதிமன்றமும் அரசும் மாறி மாறித் திருப்பும் விஷயம் என்பதால் தாளின் மேலே உள்ள தேதியைப் பார்க்காமல் எதையும் நம்பவேண்டாம்.

தாளின் பலம் கட்டங்களுக்குக் கீழே இருக்கும் குறிப்புகளில் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் 2, 4, 6 மாதம் என்ற வரிசையை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். தவறுகள் நடப்பதோ குறிப்புகளைப் படிக்காததால். ரோட்டாவைரஸ் சொட்டு மருந்தின் முதல் டோஸை 14 வாரம் 6 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அதைத் தாண்டினால் தொடங்கவே கூடாது. கடைசி டோஸ் 8 மாதம் நிறைவதற்குள். ஒரு பிராண்டில் இரண்டு டோஸ், இன்னொன்றில் மூன்று. நடுவில் மருத்துவமனை மாறி, எந்த பிராண்ட் போட்டார்கள் என்பது தெரியாவிட்டால் மொத்தம் மூன்று டோஸ் கணக்கு. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா) ஊசியும் சின்னம்மை ஊசியும் வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமியால் ஆனவை. இரண்டையும் ஒரே நாளில் போடலாம், அல்லது 28 நாள் இடைவெளி விடவேண்டும். 20-ஆம் நாள் போட்டால் இரண்டாவதாகப் போட்டது செல்லாது, திரும்பப் போடவேண்டும். ஃப்ளூ ஊசியை முதன்முறை போட்டுக்கொள்ளும் 6 மாதம் முதல் 8 வயது வரையுள்ள குழந்தைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் தேவை. ஒன்றோடு நிறுத்திவிட்டு 'ஊசி போட்டும் ஃப்ளூ வந்ததே' என்று நொந்துகொள்பவர்கள் ஏராளம்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் தரும் வைரஸைத் தடுக்கும் ஹெச்பிவி ஊசி விஷயத்தில் ஏஏபி 9 வயதிலேயே தொடங்கலாம் என்கிறது. 15 வயது நிறைவதற்குள் தொடங்கினால் 6 முதல் 12 மாத இடைவெளியில் இரண்டு டோஸ், அதற்குப் பிறகு தொடங்கினால் மூன்று. சிடிசி ஜனவரியில் ஒரே டோஸ் போதும் என்று இறங்கியது.

கருத்து வேறுபாடு மிகக் கூர்மையாக இருப்பது ஹெபடைடிஸ் பி பிறப்பு டோஸில். தாய்க்கு நோய்த்தொற்று இல்லை என்று பரிசோதனை சொன்னால், பெற்றோரும் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும், போடாவிட்டால் முதல் டோஸை இரண்டு மாதத்துக்கு முன் தொடங்கவேண்டாம் என்று 2025 டிசம்பரில் ஏசிஐபி வாக்களித்தது, சிடிசியும் ஏற்றது. ஏஏபி அசையவில்லை: எடை 2,000 கிராமும் அதற்கு மேலும் உள்ள, உடல்நிலை சீராக இருக்கும் குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு டோஸ். பிறக்கும்போதே தொற்று ஒட்டிய குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேருக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடுகிறது, பின்னாளில் கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் வரலாம். தாயின் பரிசோதனை முடிவு தப்பாகப் பதிவாகலாம், பரிசோதனைக்குப் பிறகு தொற்று வரலாம், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் தாத்தாவுக்கு இருப்பது அவருக்கே தெரியாமலிருக்கலாம். இந்தியாவில் இந்த நோய் அமெரிக்காவைவிடப் பரவலாக இருப்பதால் நம் குடும்பங்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் பிறந்த நாளிலேயே இலவசமாகப் போடும் ஊசியை, அமெரிக்காவில் வாதாடிப் பெறவேண்டி வருவதை என்னவென்று சொல்வது!

இனி குறைகள். சங்கத்தின் பரிந்துரை மருத்துவரின் கையைத்தான் வழிநடத்தும், ஊசிக்குப் பணம் கட்டாது. அமெரிக்கக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு விஎஃப்சி என்ற மத்திய அரசுத் திட்டத்தில்தான் ஊசி இலவசமாக வருகிறது. 1994 முதல் நடக்கும் இந்தத் திட்டத்தில் எந்த ஊசி சேரும் என்பதைத் தீர்மானிப்பது ஏசிஐபியின் வாக்கு. ஜனவரி மாற்றத்துக்குப் பிறகும் எந்த ஊசிக்கும் காப்பீடு போகாது என்று அரசு சொன்னது உண்மைதான், ஆனாலும் குழாயின் திருகு அங்கேதான் இருக்கிறது. தனியார் இன்சூரன்ஸ் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஏஹெச்ஐபி, 2025 செப்டம்பர் 1 அன்று பரிந்துரையில் இருந்த எல்லா ஊசிகளுக்கும் 2026 முடியும்வரை பணம் கொடுப்பதாக அறிவித்தது. வேலை தரும் கம்பெனி தானே பணம் கட்டி நடத்தும் திட்டங்களில் விதி வேறாக இருக்கலாம். கார்டின் பின்புறமுள்ள எண்ணை அழைத்து, ஊசியின் பெயரோடு பில்லிங் குறியீட்டையும் சொல்லிக் கேட்டால்தான் சரியான பதில் வரும். கலிஃபோர்னியா 2025 செப்டம்பரில் சட்டத்தையே திருத்தி, ஏஏபி போன்ற சங்கங்களின் பரிந்துரையைக் கணக்கில் எடுக்க வழிசெய்தது. எனவே ஒரே தாள் ஒரு மாநிலத்தில் செல்லும் காசு, இன்னொன்றில் வெறும் அறிவுரை.

கோவிட் கட்டத்தில்தான் இந்த மோதல் பச்சையாகத் தெரியும். 6 முதல் 23 மாதம் வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் போடச் சொல்கிறது ஏஏபி. ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே ஃபைசர் ஊசிக்கு இருந்த அவசர அனுமதி 2025 ஆகஸ்டில் ரத்தானது. மாடர்னாவின் ஊசிக்கு உரிமம் இருக்கிறது, அது வேறு உடல்நலக் குறை உள்ள குழந்தைகளுக்கு மட்டும். ஆரோக்கியமான ஒரு வயதுக் குழந்தைக்குப் போடுவதென்றால் உரிம வரம்புக்கு வெளியேதான். அது சட்டப்படி தவறு இல்லை, குழந்தை மருத்துவத்தில் புதிதும் இல்லை. ஆனாலும் பல மருந்துக்கடைகள் அதைச் செய்யமாட்டா. ஃபார்மசி வாசலில் வரிசையில் நிற்காமல் நேராகக் குழந்தை மருத்துவரின் கிளினிக்கை அழைத்து, கையிருப்பு உண்டா என்று கேட்பதுதான் வழி. தாள் இந்தச் சிக்கலைப் பெற்றோருக்குப் புரியும் மொழியில் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

சங்கத்தின் தலைமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏஏபியின் தலைவர் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு ஒரே ஓர் ஆண்டு பதவியில் இருப்பவர். 2025-இல் சூசன் கிரெஸ்லி, 2026-இல் ஆண்ட்ரூ ரசீன். ஆண்டுதோறும் முகம் மாறும் அமைப்பு நிலைகுலையாமல் நின்றதற்குக் காரணம், அட்டவணையை எழுதுவது தலைவர் அல்ல, தொற்றுநோய்க் குழு. 1938 முதல் வெளிவரும் 'ரெட் புக்' கையேட்டின் பின்னாலும் அந்தக் குழுதான். அரசு விலகியபோது புதிதாக ஓர் ஆலையைக் கட்டவேண்டிய நிலை சங்கத்துக்கு வரவில்லை. விலையும் கொடுத்தார்கள். 2025 டிசம்பரில் மத்திய அரசு அவர்களுக்கு வந்துகொண்டிருந்த ஏழு மானியங்களை, சுமார் 1.2 கோடி டாலரை, நிறுத்தியது. நீதிமன்றம் போய்த்தான் மீட்டார்கள்.

அதற்காக இவர்கள் தவறே செய்யாதவர்கள் என்று நினைக்கவேண்டாம். 1999 ஜூலையில், ஊசிகளில் இருந்த தைமரோசால் என்ற பாதரசக் கலவையைப் பற்றி அரசும் ஏஏபியும் கூட்டறிக்கை விட்டன. தாய்க்குத் தொற்று இல்லாத குழந்தைகளுக்கு மட்டும் ஹெபடைடிஸ் பி பிறப்பு டோஸைத் தள்ளிப்போடச் சொன்னார்கள். சில மருத்துவமனைகள் அந்த 'மட்டும்' என்பதை விட்டுவிட்டு, தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும் நிறுத்திவிட்டன. பிறகு தைமரோசால் இல்லாத ஊசி வந்தும் பழைய வழக்கம் திரும்பப் பல காலம் ஆனது. வேர்க்கடலையும் அப்படித்தான். ஒவ்வாமை அபாயமுள்ள குழந்தைக்கு மூன்று வயதுவரை தரவேண்டாம் என்று 2000-இல் சொன்னது இதே சங்கம். 2008-இல் அதைத் திரும்பப் பெற்றது. முன்கூட்டியே கொடுப்பதுதான் ஒவ்வாமையை சுமார் 80 சதவீதம் குறைக்கிறது என்று 2015-இல் லீப் ஆய்வு காட்டியது. தவறைத் தாங்களே எழுத்தில் திருத்தியது இவர்கள் மேல் நம்பிக்கை வைக்க ஒரு காரணம். தடுப்பூசி தயாரிக்கும் நிறுவனங்களின் நன்கொடை வாங்குவது உறுத்தலான விஷயம்தான். அந்த நிறுவனங்களின் பெயர்ப் பட்டியலைச் சங்கமே வெளியிடுகிறது, இருந்தும் அரசியல்வாதிகளுக்கு அவல் கொடுப்பது அதுதான். இன்னொரு குறை, அட்டவணை இலவசம், 'ரெட் புக்' முழுதாக வேண்டுமென்றால் காசு. பெற்றோருக்கான தளம் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்கிறது, தமிழில் இல்லை.

ஊருக்குப் போய் வருபவர்களுக்கும், அங்கிருந்து பிள்ளையோடு குடியேறுபவர்களுக்கும் இந்தத் தாள் உண்மையாகவே உதவும் இடம் கணக்குச் சரிபார்ப்பது. 6 முதல் 11 மாதக் குழந்தையோடு இந்தியா போவதென்றால் கிளம்புமுன் ஒரு எம்எம்ஆர் டோஸ் போடச் சொல்கிறது. அது கூடுதல் டோஸ்தான், முதல் பிறந்த நாளுக்குப் பிறகு இரண்டு தனியாக வேண்டும். அமெரிக்காவிலேயே 2025-இல் தட்டம்மை 2,000-ஐத் தாண்டிய பிறகு இதைப் பயண விஷயம் என்று மட்டும் ஒதுக்கவும் முடியாது. டைஃபாய்டு ஊசி அமெரிக்காவில் இரண்டு வயதுக்கு மேல்தான். இந்தியாவில் கிடைக்கும் கான்ஜுகேட் வகையை 6 மாதத்திலேயே போடலாம் என்பதால், நீண்ட நாள் தங்குபவர்கள் அங்கே போட்டுக்கொள்வது உத்தமம்.

இந்தியக் கார்டோடு வருபவர்களுக்கு மூன்று இடங்களில் இடிக்கும். 9 மாதத்தில் போட்ட எம்ஆர் (தட்டம்மை, ருபெல்லா) ஊசி கணக்கில் வராது, வயது பத்தாது, பொன்னுக்குவீங்கிக்கான பாகமும் அதில் இல்லை. பிறந்தபோதும் 6, 10, 14 வாரத்திலும் நான்கு ஹெபடைடிஸ் பி டோஸ் போட்டிருந்தாலும், கடைசி டோஸ் 24 வாரத்துக்கு முன் என்பதால் இன்னொன்று கேட்பார்கள். 2016 ஏப்ரல் முதல் கொடுத்த போலியோ சொட்டு மருந்தை ஏற்கமாட்டார்கள். அதைவிட அடிக்கடி வரும் தொல்லை தேதி. கார்டில் 05/08/2024 என்று இருந்தால் நாம் ஆகஸ்ட் 5 என்போம், பள்ளி நர்ஸ் மே 8 என்று ஏற்றிவிடுவார். அந்த மூன்று மாதத்தில் 12 மாத எல்லை தவறி, செல்லுபடியாகும் எம்எம்ஆர் செல்லாமல் போகும். விமானம் ஏறுமுன் உங்கள் குழந்தை மருத்துவரிடம் மாதத்தின் பெயரை எழுத்தில் போட்டு, ஊசியின் பெயரோடு, முத்திரையிட்ட ஒரு தாளை வாங்கிக்கொள்ளுங்கள்.