எச்சரிக்கை: "வீட்டை ஒதுக்கித் துப்புரவாக்கித் தாறம்" என்று பட்டா லொறியோடு வருகிறவர்கள்

திருகோணமலையில் உப்புவெளி, உவர்மலை, பாலையூற்று, அன்புவழிபுரம் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்கள் இதை வாசியுங்கள். அம்மா அப்பாவைத் தனியே விட்டுவிட்டு, வெளிநாட்டிலிருந்து ஃபோனில் "கிடக்கிற பழசையெல்லாம் குடுத்துக் கழிச்சு விடுங்கோ" என்று சொல்கிற பிள்ளைகள் கட்டாயம் வாசிக்க வேண்டும். ஏமாறுவது பெரும்பாலும் அந்த வீடுகள்தான்.

வருகிறவர்கள் பழைய இரும்புக்காரர் என்று சொல்வதில்லை. "வீட்டை நாங்களே துப்புரவாக்கித் தாறம் அம்மா, கூலி ஒண்டும் வேண்டாம், சாமானுக்குக் காசும் தாறம்" என்பார்கள். கேட்க நல்லாய்த்தான் இருக்கும். இரண்டு பேர் உள்ளே போவார்கள், ஒருவர் பட்டாவோடு நிற்பார். குசினிச் சாமானும் கொட்டிலில் கிடந்ததும் ஒரே குவியலாக முற்றத்துக்கு வரும். வீட்டுக்காரர் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் எல்லாம் சாக்குக்குள் போய்விடும். அதன் பிறகுதான் நிறுவை.

இப்படி ஒதுக்கிய ஒரு வீட்டிலிருந்து போனவை: உள்ளே வெள்ளை பூசிய இரண்டு பெரிய பித்தளைக் கிடாரம், ஒரு படிக்கம், மூக்குப்பேணிகள், குளியலறை திருத்தியபோது கழற்றி வைத்த பைப்புகள், எரிந்துபோன தண்ணீர் மோட்டர், ஒரு சாக்கு பழைய வயர். எல்லாமே "கலப்பு இரும்பு" என்று ஒரே விலையில் நிறுக்கப்பட்டன. பிரிட்ஜின் பின்பக்கத்துக் கொம்பிரசரை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, வெறும் கூட்டை மாமரத்தடியில் விட்டுவிட்டுப் போனார்கள். கையில் வைத்த காசு அந்தக் கிடாரங்களுக்கே காணாது.

நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிரச்சினை ஆளைவிட முறையில்தான். ஒதுக்குகிறவரும் தரம் பிரிக்கிறவரும் நிறுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருந்தால், நல்ல ஆள்கூடத் தன் பக்கம்தான் சாய்வார். ஒதுக்குவதையும் பிரிப்பதையும் நீங்களே செய்யுங்கள், அல்லது நாட்கூலிக்கு வேறு ஆளைப் பிடியுங்கள். ஒரு நாள் கூலி பெரிய செலவாகத் தெரியும். ஒரு கிடாரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

பிரிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பழைய ரேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றினால் பின்னால் நல்ல காந்தம் இருக்கும். இரும்பு அதில் இறுக்கமாக ஒட்டும். செம்பு, பித்தளை, வெண்கலம், அலுமினியம் ஒட்டாது. நல்ல எவர்சில்வரும் ஒட்டாது, அல்லது மெல்ல இழுபடும். அதை வேறாக வையுங்கள். கிலோவுக்கு விலை கூடியது செம்பு, அடுத்தது பித்தளையும் வெண்கலமும், பிறகு அலுமினியம், கடைசியில்தான் இரும்பு. செம்பும் இரும்பும் ஒரே சாக்குக்குள் போனால் செம்பும் இரும்பு விலைக்குத்தான் போகும்.

கண்ணை ஏமாற்றுவது பூச்சு. கிடாரம், அண்டா, பித்தளைக் குடம் போன்றவற்றுக்கு உட்பக்கம் வெள்ளீயம் பூசியிருப்பார்கள், புளிப்புச் சேர்ந்து களிம்பு ஏறாமல் இருக்க. அந்த வெள்ளையைக் காட்டி "இது ஈயச் சாமான் அம்மா" என்பார்கள். கிடாரத்தைக் கவிழ்த்து, அடிவிளிம்பில் அரத்தால் இரண்டு இழுப்பு இழுங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. குளியலறைப் பைப்பும் அப்படித்தான்: வெளியே பளபளவென்று குரோம், உள்ளே பெரும்பாலும் பித்தளை. கையில் எடுத்தால் அளவுக்கு மிஞ்சிய பாரம் இருக்கும், காந்தம் ஒட்டாது. ஒட்டினால் பிடி மட்டும் இரும்பாக இருக்கலாம், உடம்பில் வைத்துப் பாருங்கள். அலுமினியத்துக்குப் பூசிய மலிவுப் பைப்புகளும் உண்டு, அவை பாரமில்லாமல் லேசாக இருக்கும். குத்துவிளக்கின் தண்டுக்குள் சில நேரம் இரும்புக் கம்பியோ திருகாணியோ இருக்கும். அந்த இடத்தில் காந்தத்தை வைத்துக் காட்டி முழு விளக்கையும் இரும்பாக்கி விடுவார்கள். விளக்கை அடி, தண்டு, தட்டு என்று கழற்றி ஒவ்வொன்றையும் தனியே பாருங்கள்.

பூச்சு இல்லாமலே மறைந்து கிடப்பதும் உண்டு. திருகோணமலைக் கடற்காற்றில் எல்லாவற்றுக்கும் கறள் பிடிக்கும். யன்னல் பிணைச்சல், கொண்டி, பூட்டு எல்லாம் ஒரே மண்ணிறமாகக் கிடக்கும். பழைய காலத்து வீடுகளில் அவற்றில் பாதி பித்தளையாக இருக்கும். தேங்காய்த் தும்பும் புளியும் போட்டு ஒன்றைத் தேய்த்தாலே தெரிந்துவிடும். கறளைக் காட்டி "உக்கிப்போன சாமான்" என்று விலை குறைப்பதற்கு முன் தேய்த்து வையுங்கள்.

எரிந்த மோட்டரையும் மின்விசிறியையும் முழுதாக நிறுக்கக் கொடுக்காதீர்கள். உள்ளே செம்புச் சுற்று இருக்கும். இரும்போடு சேர்த்து நிறுத்தால் அதன் விலை போய்விடும். இப்போது மலிவு மோட்டர்களில் அலுமினியச் சுற்றும் வருகிறது, வார்னிஷ் பூசினால் பார்வைக்குச் செம்பு மாதிரியே இருக்கும். ஒரு கம்பியைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். வயரை எரித்துச் செம்பை எடுக்காதீர்கள். புகை நஞ்சு, பிளாஸ்ரிக்கைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 முதல் தடை, எரிந்த செம்புக்கு விலையும் குறைவு. தடித்த வயரைக் கத்தியால் நெடுக்காகக் கீறி உரிக்கலாம். மெல்லிய வயரை உரிக்க மினக்கெடாமல் "உரிக்காத வயர்" என்று தனி விலை கேளுங்கள்.

இனி நிறுவை. கொளுவித் தராசு பிடிக்கிறவரின் முகத்தையோ முள்ளையோ பார்க்காதீர்கள், முழங்காலைப் பாருங்கள். சாக்கைத் தூக்கிப் பிடிக்கும்போது தொடையோ முழங்காலோ அடியில் முட்டுக் கொடுக்கும், அல்லது சாக்கின் நுனி நிலத்தில் தட்டும். பாதி நேரம் தராசு சரியாகத்தான் இருக்கும், களவு காலில் இருக்கும். மரக்கொப்பிலோ கொட்டில் வளையிலோ கயிறு கட்டித் தராசைத் தொங்கவிடச் சொல்லுங்கள். சாக்கு ஒரு அடியாவது அந்தரத்தில் நிற்க வேண்டும்.

டிஜிற்றல் தராசில் வேறு விதம். வெறும் கொளுவியைக் கையால் மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டே பூச்சியம் வைக்கிற பொத்தானை அழுத்துவார்கள். கை மூன்று கிலோ அளவுக்கு இழுத்தால், அதற்குப் பிறகு ஏற்றுகிற ஒவ்வொரு சாக்கிலும் மூன்று கிலோ குறையும். கண்டுபிடிப்பது லேசு: கொளுவியில் ஒன்றும் இல்லாதபோது பூச்சியத்துக்குப் பதிலாகக் கழித்தல் குறியோடு ஒரு எண் நிற்கும். அதனால்தான் ஒரு சாக்கை இறக்கியவுடன் அடுத்ததை அவசரமாகக் கொளுவுவார்கள். ஒவ்வொரு சாக்குக்கும் இடையில் தராசை வெறுமனே விட்டுப் பாருங்கள்.

சோதனை நிறை வீட்டிலேயே இருக்கிறது. கடையில் வாங்கிய, மூடி திறக்காத 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் 5 கிலோவுக்குச் சற்றுக் கூட இருக்கும். தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ, மிச்சம் போத்தலின் பாரம். முதலில் ஒன்றைத் தொங்கவிடுங்கள், பிறகு அதே மாதிரி நான்கு போத்தலை ஒன்றாக. சில தராசுகள் 5 கிலோவில் சரியாக நிற்கும், 20 கிலோவில் இரண்டு கிலோ விழுங்கிவிடும். வியாபாரத் தராசுக்கு ஒவ்வொரு வருடமும் முத்திரை குத்த வேண்டும் என்பது சட்டம். முத்திரையைக் காட்டச் சொல்லிக் கேட்டாலே சிலர் "நாளைக்கு வாறம்" என்று பட்டாவை எடுத்துவிடுவார்கள்.

சாக்குக் கழிவு என்று சாக்குக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ வெட்டுவது இன்னொரு பழக்கம். பிளாஸ்ரிக் உரப்பை 100 கிராம் அளவுதான் வரும். சணல் சாக்கு ஒரு கிலோவுக்கு முன்பின். வெறும் சாக்கை அதே தராசில் போட்டு, வருகிறதைக் கழித்தால் சண்டை இல்லை. ஒவ்வொரு நிறையையும் கொப்பியில் எழுதி, கிராமையும் விடாமல் எழுதுங்கள். "அரைக் கிலோவை விடுங்கோ ஐயா" என்பது பத்துச் சாக்கில் ஐந்து கிலோ.

மொத்தமாகப் பேசும் விலை இதைவிட மோசம். "எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு தொகை" என்று வாசலில் நின்றே சொல்வார்கள். அந்தத் தொகையில் அவர்கள் மனதில் இருப்பது நீங்கள் கவனிக்காத ஒரு சாமான்; மிச்சமெல்லாம் சும்மா. தளபாடத்தில் இது அதிகம் நடக்கிறது. முதிரை, தேக்கு, கருங்காலியில் செய்த பழைய அலுமாரியையும் கட்டிலையும் "உளுத்துப் போச்சு, விறகுக்குத்தான்" என்பார்கள். லாச்சியை முழுதாக இழுத்தெடுத்து, மெருகு பூசாத அடிப்பக்கத்தைப் பாருங்கள். முதிரை வெளிர்மஞ்சளில் பட்டுப் போல மின்னும், நல்ல பாரம். சிறு துளைகள் இருந்தால் நிலத்தில் வெள்ளைத் தாளை விரித்து, மேலே தட்டிவிட்டு இரண்டு நாள் விடுங்கள். புதிதாகப் பொடி விழாவிட்டால் பெரும்பாலும் அது பழைய துளைதான். வாங்குகிறவரிடம் மரத்தின் பெயர் கேட்காதீர்கள், ஊரில் உள்ள தச்சாசாரி ஒருவரைக் கூட்டி வந்து கேளுங்கள்.

முற்பணம் தந்துவிட்டுப் பெரிய சாமானை "நாளைக்கு ஆளோட வந்து தூக்குறம்" என்று விட்டு, சின்னப் பித்தளைச் சாமான்களை மட்டும் அன்றே கொண்டு போவது இன்னொரு வகை. அந்த நாளை வராது. பித்தளை மினுக்கும் தூளோடு வந்து, விளக்கை மினுக்கிக் காட்டிவிட்டு, அடுத்து நகையை மினுக்கித் தருகிறோம் என்கிறவர்களை வாசலோடு அனுப்புங்கள். இராசதிராவகம் என்ற அமிலக் கலவையில் நகையைத் தோய்த்தால் தங்கம் கரையும். சங்கிலி மினுங்கும், பாரம் குறைந்திருக்கும்.

பேப்பர்க் கட்டுக்கு வருவோம். காசு இங்கே சின்னது, இழப்பு பெரியது. இடம்பெயர்வையும் 2004 சுனாமியையும் தாண்டி இந்த மாவட்டத்தில் ஒரு வீட்டில் பழைய கடதாசி தப்பியிருந்தால் அதற்குப் பெறுமதி உண்டு. காணி உறுதி, காணி அனுமதிப்பத்திரம், பிறப்பு, விவாகச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், பாடசாலை விடுகைப் பத்திரம் எல்லாம் பழைய பத்திரிகைகளுக்கு நடுவில்தான் கிடக்கும். அலுமாரித் தட்டில் விரித்த தாளின் கீழும், லாச்சியின் அடியிலும், பெட்டகத்தின் உள்ளறையிலும், சேலை மடிப்புகளுக்குள்ளும் கை விட்டுப் பாருங்கள். பதிந்த உறுதிக்குக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம், ஆனால் இலக்கம் தெரியாமல் தேடுவது பெரிய அலைச்சல். அடையாள அட்டைப் பிரதியையும் வங்கித் தாளையும் கிழிக்காமல் போட்டால், அவை கடலைச் சரையாகச் சுற்றி வரும். அப்படி வந்தால் பரவாயில்லை, வேறு கைக்குப் போனால்தான் தலையிடி. பழைய சஞ்சிகை, கோயில் மலர், கையெழுத்துக் கொப்பி, ஏட்டுச்சுவடி இருந்தால் கிலோ விலைக்குப் போடாதீர்கள். நூலகம் நிறுவனம் 2005 முதல் இப்படியான தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிறது, அவர்களோடு பேசுங்கள்.

விற்கவே கூடாதவையும் உண்டு. காஸ் சிலிண்டர் கம்பனிக்குச் சொந்தம், உங்களுடைய வைப்புப் பணம் அதில் இருக்கிறது. தண்ணீர் மீற்றரும் உங்களுடையது அல்ல. பழைய வாகன பற்றரியைக் கொண்டுபோனால் புதிய பற்றரி வாங்கும்போது விலையில் கழிப்பார்கள்; வாசலில் விற்றால் அமிலத்தைக் கிணற்றடியில் ஊற்றிவிட்டு ஈயத்தை மட்டும் கொண்டு போவார்கள். டொக்யார்ட்டில் (கடற்படைக் கப்பல் தளத்தில்) வேலை செய்தவர்கள் இருந்த வீடுகளில் பித்தளை வெடிகோதுகள் பூச்சாடியாக நிற்பது உண்டு. அடியிலுள்ள துளை திறந்து, உள்ளே வெறுமையாக இருந்தால் அது வெறும் பித்தளைதான். ஆனால் வளவைத் துப்புரவாக்கும்போது மண்ணுக்குள் இருந்து எதுவும் வந்தால் தட்டவோ நிறுக்கவோ கொடுக்காதீர்கள். 1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சும் கண்டு, உள்நாட்டுப் போரும் கண்ட ஊர் இது. தள்ளி நின்று 119க்கு அழையுங்கள்.

பிரிட்ஜ் கொடுத்தால் முழுதாகக் கொடுங்கள், கொம்பிரசரை மட்டும் வெட்ட விடாதீர்கள். தகட்டில் ஆர்-600ஏ என்று இருந்தால் அந்த வாயு தீப்பற்றும், குசினிக்குப் பக்கத்தில் குழாயை வெட்டுவது ஆபத்து. பழையதில் ஆர்-12 இருந்தால் அது ஓசோன் படையைக் கெடுக்கும். மிஞ்சிய கூடும் ரயரும் உடைந்த வாளியும் உங்கள் வளவிலேயே கிடக்கும். ஐப்பசியில் மழை தொடங்கியதும் அதில் தண்ணீர் தேங்கும், நுளம்பு வரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வருவார். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வழக்கு வளவுக்காரர் மேல்தான். "விலை போகாததையும் சேர்த்து ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை" என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அந்தக் கழிவை அவர்கள் கடற்கரையோரம் கொட்டினாலும் அதற்குள் கிடக்கிற கடிதத்தில் இருப்பது உங்கள் விலாசம், எனவே பெயர் எழுதிய எதையும் அதில் போடாதீர்கள்.

விலையை வருகிறவர் வாயால் கேட்காமல், பிரித்து முடித்த பிறகு நகரத்தில் இரண்டு பழைய இரும்புக் கடைகளுக்கு ஃபோன் எடுத்து அன்றைய விலையைத் தனித்தனியாகக் கேளுங்கள். செம்பும் பித்தளையும் 20 கிலோவுக்கு மேல் சேர்ந்திருந்தால் ஆட்டோ பிடித்துக் கடைக்கே கொண்டுபோவது பெரும்பாலும் லாபம். வீட்டிலேயே விற்பதென்றால் பட்டாவின் இலக்கத்தகட்டையும் தராசு காட்டுகிற நிறையையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள். படம் எடுப்பதை மறுக்கிறவருக்குச் சாமான் கொடுக்கத் தேவையில்லை.

ஏற்கெனவே பறிகொடுத்தவர்கள் அந்த இலக்கத்தோடு பொலிசில் முறைப்பாடு எழுதுங்கள். தராசுக் களவுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்கள அலுவலரைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கேளுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. சாமான் உருக்க அனுப்பப்படுவதற்கு முன், முடிந்தால் அன்றைக்கே, செய்யுங்கள்.