ராணுவ ஓட்டத்துக்குப் பயிற்சி: விடியற்காலையா, சாயங்காலமா?

ஆள்சேர்ப்பு முகாமின் 1,600 மீட்டர் ஓட்டத்துக்குத் தயாராகும் தம்பிகளே, கடலூர் கத்திரி வெயிலில் என் ஓட்டு விடியற்காலை 5 மணிக்குத்தான். அப்போதும் ஒன்றும் சுகமாக இருக்காது. சில்வர் பீச்சில் காற்று அசையாத நாளில் ஈரப்பதம் ஏறிக்கிடப்பதால் வேர்வை ஆவியாகாமல் பனியனைப் பிழிகிற அளவுக்கு நனையும், உடம்புச் சூடும் லேசில் இறங்காது. ஆனால் தலைக்கு மேல் வெயில் இல்லையே!

சாயங்காலம் கடற்காற்று வரும், சரி. பகலெல்லாம் காய்ந்த தார்ச்சாலை கீழிருந்து அனலடிக்குமே?

அதற்காகச் சாயங்காலத்தை முழுசாக ஒதுக்கவும் வேண்டாம். உடம்பு சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். தேர்வு வெயிலில் நடந்தால் அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும், மெதுவோட்டமாகத் தொடங்குங்கள். கூட ஓடுகிறவனுக்குப் பேச்சு குழறினால் மோர் தேடி ஓடாதீர்கள். நிழலில் படுக்கவைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி, 108-ஐக் கூப்பிடுங்கள்.