களியக்காவிளை பக்திப் பொருள் கடையும் 14ஆம் லியோ படமும்

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் இறங்கி பாறசாலை பக்கமாக நடந்தால் ஒரு பக்திப் பொருள் கடை வரும். வாசலில் பிளாஸ்டிக் உறை போட்ட லூர்து மாதா சுரூபங்கள் வரிசையாக நிற்கும், அதுதான் அடையாளம். பழைய லத்தீன் முறைப்படி பூசை, ஒருசந்தி நோன்பு, குடும்ப ஜெபமாலை என்று வாழ்கிற கத்தோலிக்கர்களுக்கு குமரி மாவட்டத்திலும் நெய்யாற்றின்கரை பக்கத்திலும் இதைவிட உருப்படியான கடை எனக்குத் தெரியாது. ஐந்துக்கு நான்கு தாராளமாகக் கொடுப்பேன், ஒன்று ஏன் குறைந்தது என்று கீழே சொல்கிறேன்.

முதலில் ஜெபமாலை. மற்ற கடைகளில் நூறு ரூபாய்க்கு வாங்கினால் மூன்றாம் மாதம் அறுந்து கையில் வரும், காரணம் கம்பிக் கண்ணியைச் சரியாக மூடாமல் விட்டிருப்பார்கள். இந்தக் கடை அண்ணன் ஒவ்வொரு கண்ணியையும் நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துத் தருவார், இடுக்கு தட்டினால் குறடு எடுத்து அங்கேயே இறுக்கிவிடுவார். கழுத்தில் அணிகிற கார்மேல் மாதா துணி உத்தரியமும் அப்படித்தான். எல்லா இடத்திலும் பிளாஸ்டிக் ஒட்டிய படத்தில் நூல் கட்டி உத்தரியம் என்று விற்கிறார்கள், இங்கே நிஜமான பழுப்புக் கம்பளித் துணியில் கையால் தைத்தது கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் உத்தரியம் என்றால் கம்பளியாகத்தான் இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க முடியாது. பெண்களுக்கான வெள்ளை, கறுப்பு முக்காடுகளும் உண்டு. தேன்மெழுகுத் திரி மட்டும் எப்போதும் இருக்காது, மெழுகுதிரித் திருநாளுக்கு வேண்டுமென்றால் ஜனவரியிலேயே சொல்லி வைக்க வேண்டும்.

நான் முக்கியமாக வாங்கப் போனது பூசைப் புத்தகம். 1962ஆம் ஆண்டுப் பூசை முறை, அதாவது இப்போதைய புதிய முறை வருவதற்கு முந்தையது, ஒரு பக்கம் லத்தீன், எதிர்ப் பக்கம் தமிழ், லத்தீனுக்குக் கீழே தமிழ் எழுத்தில் 'இந்த்ரோயீபோ ஆத் அல்த்தாரே தேயி' என்று உச்சரிப்பு. நகல் எடுத்து ஸ்பைரல் போட்டதுதான், எழுத்து சின்னது, வயதானவர்களுக்குக் கஷ்டம். ஆனால் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நடுப்பூசை ஜெபத்தில் பாப்பரசர் பெயர் வரும் இடத்தில் முந்தைய பாப்பரசர் பிரான்சிஸ் பெயரை அச்சடித்திருந்தார்கள் அல்லவா, அதன் மேல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதம் ஒட்டி, புதிய பாப்பரசர் 14ஆம் லியோவின் பெயரை லத்தீனில் வருகிறபடி 'லெயோனே' என்று பேனாவால் எழுதியிருக்கிறார்கள். கையில் இருந்த எல்லாப் பிரதிகளிலும் அண்ணனின் மனைவி உட்கார்ந்து ஒட்டினாராம். பூசையில் பெயர் தப்பாக வரக் கூடாது என்று அந்த அக்கா எடுத்த சிரத்தைக்கே புத்தகத்தை வாங்கலாம்.

சரி, இப்போது படம். 14ஆம் லியோ படம் மூன்று விதமாக வைத்திருக்கிறார்கள். 2025 மே 8ஆம் தேதி பாப்பரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் ரோமை பேதுரு கோயில் மாடத்தில் வந்து நின்றாரே, அந்தப் படம்தான் அதிகம் போகிறதாம். ஆனால் அதிலேயே இரண்டு அச்சு இருக்கிறது. ஒன்றில் தோள்மேலாடையின் சிவப்பு மங்கிக் காவி மாதிரி ஆகிவிட்டது, கழுத்துப் பட்டையின் பொன் வேலைப்பாடு மஞ்சள் தீற்றலாகத் தெரிகிறது. இன்னொன்றில் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது, மார்புச் சிலுவைகூடத் தெளிவு. மலிவானதை நான் கையில் எடுத்ததும், "அது வேண்டாம் மக்களே, நல்லது உள்ளே இருக்கு" என்று அண்ணனே எழுந்து போய் எடுத்து வந்தார். விலை குறைந்ததைத் தள்ளிவிட்டு லாபம் பார்க்க நினைக்காத கடை.

எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சிவப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. 2013இல் பிரான்சிஸ் பாப்பரசர் வெறும் வெள்ளை அங்கியோடு மாடத்துக்கு வந்தார். லியோவோ முன்னிருந்த பாப்பரசர்கள் அணிந்த சிவப்பு மேலாடையை அணிந்து வந்தார், லத்தீனில் ஆசீர் கொடுத்தார், அந்த ஞாயிற்றுக்கிழமையே பாஸ்கா கால மாதா ஜெபத்தை லத்தீனில் பாடினார். ஜூன் 22ஆம் தேதி நற்கருணைத் திருநாள் பவனியில் லாத்தரன் கோயிலில் இருந்து மேரி மேஜர் கோயில் வரைக்கும் நற்கருணை வைத்த கதிர்பாத்திரத்தைத் தானே ஏந்தி நடந்தார். அதற்கு முன்பே, மே 14ஆம் தேதி, ரோமையோடு ஒன்றாக இருந்தும் தனி வழிபாட்டு முறை வைத்திருக்கிற கீழைத் திருச்சபையாரிடம் பேசும்போது, உங்கள் வழிபாட்டில் உயிரோடு இருக்கிற மறைபொருள் உணர்வை நாங்கள் திரும்பப் பெற வேண்டும், வசதிக்காக உங்கள் மரபை நீர்த்துப் போக விடாதீர்கள் என்கிற பொருளில் சொன்னார். மார்த்தாண்டத்தில் மலங்கரை, தக்கலையில் சீரோ மலபார், குழித்துறையில் லத்தீன் என்று மூன்று வழிபாட்டு முறைகளும் ஒரே சாலையில் அடுத்தடுத்து இருக்கிற நம்ம ஊரில் இதைக் கேட்டபோது, மலங்கரைக்காரர்களுக்கு உள்ள மரியாதை பழைய லத்தீன் பூசைக்கும் ஒருநாள் கிடைக்காதா என்றுதான் என் மனசு ஓடியது. அகுஸ்தினார் துறவற சபையின் தலைவராக இருந்த காலத்தில் லியோ கேரளத்துக்கு வந்தவர், இந்த மரபுகளை நேரில் அறியாதவர் இல்லை.

நான் போன நாளில் கடையில் இதே பேச்சுதான். நெய்யாற்றின்கரை பக்கத்துப் பெரியவர் ஒருவர், ரிட்டயர்டு வாத்தியார், போனை எடுத்துக் காட்டினார்: 2025 அக்டோபர் 25ஆம் தேதி ரோமையில் பேதுரு கோயிலிலேயே, பழைய பூசைக்காக ஆண்டுதோறும் அங்கே யாத்திரை வருகிறவர்களுக்கு, அந்தப் பூசையின் ஆதரவாளரான அமெரிக்க கர்தினால் பர்க் பழைய முறையில் ஆடம்பரப் பூசை வைத்த படம். முந்தைய இரண்டு ஆண்டும் அதே யாத்திரைக்காரர்களுக்கு அங்கே அந்தப் பூசைக்கு இடம் கிடைக்கவில்லை. வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது, 2007இல் 16ஆம் பெனடிக்ட் பழைய பூசையைத் தாராளமாக அனுமதித்துக் கதவைத் திறந்ததும் 2021இல் பிரான்சிஸ் கடும் கட்டுப்பாடு போட்டு அதைச் சாத்தியதும் அவர் வயதுக்காரர்களுக்கு வெறும் சட்டச் செய்தி இல்லை. தூத்தூர் பக்கத்துத் தம்பி ஒருவன், ஊர் தமிழ்நாட்டில் என்றாலும் மறைமாவட்டம் திருவனந்தபுரம், அவன் மட்டும் சம்மதிக்கவில்லை. "சார், 2021 சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கு. ஒரு நாள் பூசைக்கு அனுமதி கொடுத்தா எல்லாம் மாறிடுமா?"

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. லியோ என்று பெயர் வைத்ததும், மிக்கேல் சம்மனசு ஜெபத்தைப் பூசைக்குப் பிறகு சொல்லச் சொன்ன 13ஆம் லியோவை நினைத்து நாம் சந்தோஷப்பட்டோம் (அந்த ஜெப அட்டை இங்கே பத்து ரூபாய், நல்ல தடிமன்). ஆனால் அவரே கர்தினால்களிடம் சொன்ன காரணம் 1891இல் தொழிலாளர் பற்றி 13ஆம் லியோ எழுதிய சுற்றுமடலும் இன்றைய செயற்கை நுண்ணறிவும்தான். 2025 செப்டம்பரில் வெளிவந்த பேட்டியில் பழைய பூசையைப் பற்றிக் கேட்டதற்கு, அந்த மக்களோடு உட்கார்ந்து பேச இன்னும் வாய்க்கவில்லை என்றார், அதே மூச்சில் புதிய முறைப் பூசையை லத்தீனில் வைக்கலாமே என்றும் சொன்னார். நாம் கேட்பது மொழியை மட்டும் இல்லை என்பது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இன்னும் தெளிவாகவில்லை.

எல்லாவற்றையும்விட வலித்தது 2025 நவம்பர் 4ஆம் தேதி வந்த குறிப்பு. மாதாவை இணை மீட்பர் என்று அழைப்பது பொருத்தமில்லை என்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை எழுதியது, லியோ ஒப்புதல் கொடுத்தது. கடலோரத்தில் மாதா தேர் வந்தால் வேலைக்குப் போகாத ஊர்கள் நம்முடையவை, அந்தத் தம்பிக்குக் கோபம் வரத்தானே செய்யும். ஆனால் ஒன்றை நான் அவனிடம் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்: நாம் தலையில் வைத்துக் கொண்டாடுகிற பெனடிக்ட், கர்தினால் ராட்சிங்கராக இருந்தபோதே அந்தப் பட்டத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாதாவின் மகிமையை யாரும் எடுத்துவிடவில்லை. பட்டத்துக்காகப் பாப்பரசரைத் திட்டிக்கொண்டு ஜெபமாலையை விட்டுவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

"அப்போ படம் வாங்கி மாட்டலாமா, இல்ல ஒரு வருஷம் பார்த்துட்டு மாட்டலாமா?" என்று கேட்டான். வாத்தியார் பதில் சொல்வதற்குள் அந்தக் கடைக்கார அக்கா உள்ளே இருந்தே, "இராயப்பர் மூணு தடவை மறுதலிச்சாரே, அவர் படத்த நாம கழட்டியா வச்சோம்?" என்றார். இராயப்பர் என்றால் பேதுரு, முதல் பாப்பரசர். என் நிலையும் அதுதான். என் வீட்டில் பிரான்சிஸ் படமும் இருந்தது, அவருடைய 2021 சட்டம் என்னை எவ்வளவு அழ வைத்தாலும். அவருக்காகவும் தினம் ஒரு பரலோக மந்திரம் சொன்னோம், 2022இல் நம்ம தேவசகாயம் பிள்ளையைப் புனிதராக்கியதும் அவர்தான். இவர் படத்தை மாட்டுங்கள், இவருக்காக ஜெபியுங்கள், ஆனால் இவர் நம்ம ஆள் என்று பட்டாசு வெடிக்கவும் வேண்டாம், ஒவ்வொரு பேட்டிக்கும் வார்த்தைக்கு வார்த்தை பூதக்கண்ணாடி வைக்கவும் வேண்டாம். பழைய பூசை பக்கத்தில் இல்லை என்று பாளையங்கோட்டையில், பழைய பூசையை மட்டுமே வைக்கிற பத்தாம் பயஸ் சபையாரிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய சட்ட நிலை சரியாகவில்லையே என்று தயங்கி வீட்டிலேயே பூசைப் புத்தகத்தை வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பாப்பரசர் முதலில் தீர்த்து வைக்க வேண்டியது இந்தத் தவிப்பைத்தான். படத்தின் முன்னால் நின்று நான் கேட்பதும் இதையே.

கடையின் குறை என்னவென்றால் படத்துக்குச் சட்டம் (பிரேம்) போடுகிற வேலை. படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் இரண்டு நாளில் தருவதாகச் சொல்லிவிட்டு இழுத்தடிக்கிறார்கள், எனக்குக் கிடைத்ததில் ஒரு மூலை சரியாகச் சேரவில்லை, திருப்பிக் கொடுத்ததும் முகம் சுளிக்காமல் மாற்றினார்கள் என்பது வேறு. பெரிய சுரூபங்களில் முகத்துக்குப் பெயின்ட் கனமாக இருக்கிறது, சின்னதே அழகு. பார்சல் அனுப்புவார்கள், சுரூபம் மட்டும் அனுப்ப மாட்டார்கள். மலையாளம், தமிழ் இரண்டும் பேசுவார்கள். ஞாயிறு காலையில் பூசை முடிந்த பிறகுதான் திறப்பார்கள். கோட்டார் சவேரியார் திருவிழா சமயத்தில் போனால் நின்று பேச இடம் இருக்காது. நல்ல அச்சுப் படம் சட்டம் இல்லாமல் 120 ரூபாய், வெளியே தொங்குவதை எடுக்காமல் உள்ளே இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.