ஆய்வேடா, புராஜெக்டா, தேர்வா?

அக்காள் மகன் பாளையங்கோட்டையில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, அமெரிக்காவில் மனிதக் காரணிப் பொறியியலில் முதுநிலை படிக்கப்போகிறேன் என்கிறான். கருவியையும் வேலையையும் மனிதனின் கைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் தோதாக அமைக்கிற படிப்பு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பி-17 விமானிகள் தரையிறங்கிய பிறகு, இறக்கையின் ஃபிளாப்பை மடக்குவதாக நினைத்துக்கொண்டு சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். இரண்டு சுவிட்சும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் ஒன்றின் பிடியைச் சக்கரம் போலவும் மற்றதை ஆப்பு போலவும் மாற்றினார். தொட்டாலே தெரிந்தது, குழப்பம் தீர்ந்தது.

படிப்பைப் பற்றி அக்காளுக்கு மறுப்பு இல்லை. மகன் தேர்ந்தெடுத்தது ‘நான்-தீசிஸ்’ என்றதும்தான் முகம் மாறியது. “ஆய்வேடு இல்லாத பட்டம் உப்பில்லாப் பண்டம் அல்லவா, தம்பி?” என்றாள். நம் ஊர் எம்.இ.யில் புராஜெக்டுக்குப் பெரிய இடம் இருப்பதால் வருகிற சந்தேகம் இது. அங்கே கணக்கு வேறு. பெரும்பாலான துறைகளில் பட்டத்துக்கு 30 கிரெடிட், அதாவது படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு. ஆய்வேடு எழுதுபவர் ஏறக்குறைய 24 கிரெடிட்டைப் பாடங்களிலும் 6 கிரெடிட்டை ஆய்வேட்டிலும் கழிப்பார். எழுதாதவர் அந்த 6 கிரெடிட்டுக்கும் பாடமே படிப்பார். அல்லது 3 கிரெடிட்டுக்கு ஒரு புராஜெக்ட் செய்வார். சில இடங்களில் பாடங்களை மட்டும் படித்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தேர்வு எழுதுவார். புள்ளியியல், சோதனை வடிவமைப்பு இரண்டிலிருந்தும் பெரும்பாலும் யாருக்கும் விலக்கு கிடையாது.

ஆக, கதவு இரண்டல்ல, மூன்று: ஆய்வேடு, புராஜெக்ட், தேர்வு. முக்கூடலில் பீடி சுற்றும் எங்கள் பெரியம்மாவை வைத்தே அவனுக்குச் சொன்னேன். மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலையும் தூளும் நூலும். கண் விரல் நுனியில். கழுத்து தட்டை நோக்கிக் கவிழ்ந்தபடி. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதால் நிமிர்ந்தால் நஷ்டம்.

ஆய்வேடு எழுதுபவன் இதில் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்வான்: தட்டைச் சாய்த்து வைத்தால் கழுத்துக் குனிவு குறையுமா? மனிதர்களைச் சோதிப்பதால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குவான், பலரை அளப்பான், பேராசிரியர் குழுவின் முன் வாதாடுவான். புராஜெக்ட் செய்பவன் ஒரு பருவத்துக்குள் சாய்வுத் தாங்கி ஒன்றைச் செய்து, நாலைந்து பேரிடம் கொடுத்து, அவர்கள் திட்டுவதைக் கேட்டுத் திருத்தி, அறிக்கை தருவான். தேர்வு எழுதுபவன் கழுத்துத் தசைகளின் சுமையைக் காகிதத்தில் கணக்கிடுவான். பெரியம்மாவைப் பார்க்கவே மாட்டான்.

என் குறை இந்த மூன்றாவதன் மேல்தான். வேலைக்கு எடுப்பவர்கள் இந்தத் துறையில் கேட்பது, “யாரை வைத்துச் சோதித்தாய், என்ன மாறியது?” என்பதைத்தான். மருத்துவக் கருவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இறுதிச் சோதனையில் ஒவ்வொரு வகைப் பயனாளர்களிலும் குறைந்தது 15 பேராவது வேண்டும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வேலைக்குப் போகிறவன் நாலு பேரையாவது உட்காரவைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

பணத்தில் ஆய்வேட்டுக்குத்தான் பலம். பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்தால் கட்டணமே தள்ளுபடியாகலாம். நான்-தீசிஸ் மாணவர்கள் பெரும்பாலும் கைப்பணத்தில் படிப்பவர்கள். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பெரும்பாலும் பத்திரம் கேட்கும். அக்காள் வீட்டில் அது ஒரு துண்டு வயல். ஆனால் உதவித்தொகை உறுதியாகாமல் ஆய்வேட்டில் இறங்குவது அதைவிட ஆபத்து. சோதனைக்கு ஆள் கிடைக்கவில்லை, பேராசிரியர் விடுப்பில் போய்விட்டார் என்று ஒரு பருவம் நீண்டால், வாடகையும் வட்டியும் நம் தலையில். முனைவர் பட்டம் வரை போகிறவனுக்கு அது தகும். இவனுக்கு அந்த எண்ணம் துளியும் இல்லை.

படித்து முடித்தபின் வேலை பார்க்கக் கிடைக்கும் அனுமதியில் வேறுபாடு இல்லை: 12 மாதம், பட்டம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24. இங்கே ஒரு கண் வேண்டும். இந்தப் படிப்பு சில இடங்களில் தொழிற்பொறியியல் துறையிலும் சில இடங்களில் உளவியல் துறையிலும் இருக்கிறது. ஸ்டெம் பட்டியல் படிப்பின் குறியீட்டை வைத்தே அமைவதால், பட்டம் எந்தக் குறியீட்டில் பதிவாகிறது என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

என் தீர்ப்பு: நான்-தீசிஸ், ஆனால் புராஜெக்ட் உள்ளது. கல்லூரி எழுத்து மூலம் உதவித்தொகை உறுதி தந்தால் மட்டும் ஆய்வேடு. வெறும் தேர்வோடு முடிகிற இடங்களை அவன் பட்டியலிலிருந்து நானே அடித்துவிட்டேன்.

விண்ணப்பக் கட்டுரைக்கு விஷயம் வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை முக்கூடலுக்குப் பஸ் ஏறினான். கழுத்து எவ்வளவு குனிகிறது என்று அளக்கப் பக்கவாட்டில் உட்கார்ந்து படம் எடுத்திருக்கிறான். “ஏலே, முகம் தெரிகிற மாதிரி எடு” என்று பெரியம்மா தலையை நிமிர்த்திச் சிரித்ததில், எடுத்த படம் ஒன்றுகூட உதவவில்லையாம்.